பேரிளம்பெண்ணுக்குப் பிறகு: சில மூலிகைகளும் ஒரு பிரஷர் மாத்திரையும்

நான்கு ஆண்டுகளுக்கு முன், எனக்கு 48 வயது நடந்துகொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பில் மின்வேதியியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நெஞ்சின் நடுவிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்து, கன்னம், காதுமடல் என்று ஏறிற்று. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்து, அது அடங்கியதும் மார்கழிக் காலையைப் போலக் குளிர் எடுத்தது. முன்வரிசை மாணவி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றாள். அப்போது நான் ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்ததால், அதுதான் ஏறிவிட்டது என்று பயந்து மாலையில் அளந்து பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க எனக்கு மேலும் பல வாரங்கள் ஆயின. வேதியியல் படித்தவளுக்கே இப்படி என்றால் மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவங்களாக வகுத்துவைத்திருக்கின்றன. ஐந்து வயதில் தொடங்கும் அந்தக் கணக்கு, பேரிளம்பெண் என்ற பெயரோடு 40 வயதில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பெயர் இல்லை. உலா வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்கு அந்த வயதுக்காரிகள் தேவைப்படவில்லை போலும். பூப்பெய்துவதற்குப் பந்தல், புட்டு, உளுந்தங்களி, தாய்மாமன் சீர் என்று எத்தனையோ வைத்திருக்கும் நம் வீடுகளில், அது நிற்பதற்கு ஒரு சொல்லைக்கூட யாரும் ஒதுக்கவில்லை. 'மாதவிடாய் நிறுத்தம்' என்பது பாடப்புத்தகத்துச் சொல். எங்கள் பக்கத்தில் 'தூரம் நின்னுட்டு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் அம்மாவிடம் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "எனக்கு எப்பம் நின்னுச்சின்னு யாரு கணக்கு வச்சா? ரெண்டு மூணு வருசம் ராத்திரி உள்ளறையில படுக்கவே முடியாது. முத்தத்துல பாயைப் போட்டுப் படுத்துக்கிடுவேன். சூட்டு உடம்புன்னு ஆச்சி வெந்தயத்த ஊறப்போட்டுத் தந்தாவ." இதை நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஆச்சியின் கைவைத்தியம் எதுவும் இந்தப் பருவத்துக்கென்று சொல்லித் தரப்படவில்லை. சூட்டுக்குத் தரப்பட்டது, படபடப்புக்குத் தரப்பட்டது, தூக்கமின்மைக்கும் அசதிக்கும் தரப்பட்டது. இன்று அதே பொருள்கள் 'மெனோபாஸ்' என்ற சொல் அச்சிட்ட பிளாஸ்டிக் புட்டிகளில் விற்கப்படும்போது, பல்லாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று கூடவே எழுதியிருக்கிறார்கள். பொருள் பழையதுதான், அதன் மேல் ஒட்டியிருக்கும் காரணம் புதியது.

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டது என்று மருத்துவத்தில் கணக்கு. நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதிலும், மேலை நாடுகளில் 51 வயதையொட்டியும் நேர்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில்தான் தொல்லைகள் தொடங்குகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைக்குரிய ஹார்மோன் குறையும்போது மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் இருக்கும் சில நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் இயங்கத் தொடங்க, உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் அமைப்பின் பொறுமை குறைந்துபோகிறது. முன்பெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய மிகச் சிறிய வெப்ப ஏற்றத்தையும் அது பெரிய ஆபத்தாக எடுத்துக்கொண்டு, தோலின் இரத்த நாளங்களை விரித்து, வியர்வையைக் கொட்டி, இருக்கிற வெப்பத்தையெல்லாம் வெளியேற்றிவிடுகிறது. பிறகு வரும் குளிர் அதன் விளைவுதான். அதாவது, நாம் 'உடம்பு சூடாகிவிட்டது' என்று நினைக்கும் அந்த நேரத்தில் உடம்பு உண்மையில் தன்னைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நன்னாரி சர்பத்தும், சப்ஜா விதையும், வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரும், நீர்மோரும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குழம்பிப்போன அந்த அமைப்பை அவை தொடுவதில்லை. வெயிலால் வரும் சூடு வேறு, இது வேறு.

இது எத்தனை காலம் நீடிக்கும் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை அவ்வளவு ஆறுதலாக இல்லை. பல இனத்துப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி அனலடிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது. 'ஆறு மாதம் பொறுத்துக்கொள்' என்று சொல்லும் அத்தைமார்களை நம்பிப் பயனில்லை.

வெந்தயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் அதில்தான் தொடங்கினேன். இரவில் ஒரு தேக்கரண்டி ஊறவைத்துக் காலையில் விழுங்குவது எனக்கு இன்றும் வழக்கம். ஆனால் அதைப்பற்றிக் கைப்பேசியில் வலம்வரும் ஒரு விளக்கத்தை மட்டும் வேதியியல் ஆசிரியை என்ற முறையில் என்னால் விட்டுவிட முடியவில்லை. வெந்தயத்தில் டயோஸ்ஜெனின் என்றொரு பொருள் இருக்கிறது, அது உடலுக்குள் போய் பெண்மைக்குரிய ஹார்மோனாக மாறிவிடுகிறது என்கிறார்கள். டயோஸ்ஜெனின் இருப்பது உண்மை. அதிலிருந்து ஹார்மோன் செய்ய முடியும் என்பதும் உண்மை. ரஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940-களில் மெக்சிகோவின் காட்டுக் கிழங்குகளிலிருந்து டயோஸ்ஜெனினைப் பிரித்தெடுத்துப் புரோஜெஸ்டிரோனாக மாற்றியதிலிருந்துதான் ஹார்மோன் மருந்துகளின் விலை சரியத் தொடங்கியது. ஆனால் அந்த மாற்றம் ஆய்வகத்துக் குடுவையில், அடுத்தடுத்த வேதிவினைகளால் நிகழ்ந்தது. அந்த வினைகளைச் செய்யக்கூடிய நொதி எதுவும் நம் குடலிலோ ஈரலிலோ இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கிவரப்படும் காட்டுக்கிழங்குக் களிம்புகளுக்கும் இதே பதில்தான். வெந்தயம் சர்க்கரையைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது, மலச்சிக்கலைப் போக்குகிறது, அதற்காகவே சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று அளவைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எள்ளிலும் ஆளி விதையிலும் லிக்னான் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அவற்றை ஈஸ்ட்ரோஜனின் சாயல் கொண்ட சேர்மங்களாக மாற்றுகின்றன. சாயல் என்பதற்கு மேல் அதில் அதிகமில்லை. 'இளைத்தவனுக்கு எள்' என்ற பழமொழியின் பொருட்டு எள்ளுருண்டை சாப்பிடுவதை நான் நிறுத்தவில்லை. கொழுத்தவளுக்குரிய கொள்ளையும் சேர்த்தே சாப்பிடுகிறேன்.

உளுந்தங்களியை என் மதினிதான் மீண்டும் எங்கள் அடுப்பில் ஏற்றினாள். தோலுளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, கைக்கு ஒட்டாமல் திரண்டு வரும்வரை நல்லெண்ணெய் விட்டு, எனக்கு வட்டிலில் வைத்து, "வந்தப்பம் கிண்டிக் குடுத்தாவள்ளா, போறப்பமும் குடுக்காண்டாமா?" என்றாள். அந்தக் களி என் அனலை ஒரு துளியும் குறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் எனக்குக் கிடைத்தவற்றில் அதைவிட நல்லதொன்று இருந்ததாக நினைவில்லை.

சோயாவைப் பற்றித்தான் உலகில் அதிகமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜப்பானியப் பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்ற கவனிப்பிலிருந்து அது தொடங்கியது. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் மெல்ல உட்காரக்கூடியவை. அவற்றுள் ஒன்றைக் குடல் நுண்ணுயிரிகள் ஈக்வால் என்ற வலுவான பொருளாக மாற்றுகின்றன. ஆனால் அந்த நுண்ணுயிரிகள் எல்லார் குடலிலும் இல்லை. ஆசிய நாட்டவரில் ஏறக்குறைய பாதிப் பேரிடமும், மேலை நாட்டவரில் மூன்றில் ஒரு பங்கினரிடமும் மட்டுமே அது நடக்கிறது. ஒரே டோஃபுவைத் தின்ற இரண்டு பெண்களுக்கு இரண்டு பலன் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தாவர ஈஸ்ட்ரோஜன்களைப் பற்றி 43 ஆய்வுகளை, 4,364 பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டின் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு செய்தது), அவை அனலைக் குறைக்கின்றன என்று உறுதியாகச் சொல்லச் சான்றில்லை, ஜெனிஸ்டீன் என்ற ஒன்றைச் செறிவாகக் கொடுத்தால் பலன் இருக்கலாம், அதை மேலும் ஆராய வேண்டும் என்று முடித்தது. நம் ஊரில் சோயா என்றால் பிரியாணியில் போடும் மீல்மேக்கர்தான். புரதத்துக்காகப் போடுங்கள், வேறெதையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி நாட்டு மருந்துக்கடை. அங்கே நான் முதலில் கேட்டு வாங்கியது தண்ணீர்விட்டான் கிழங்கு, சதாவரி என்று விற்கப்படுவது. சித்த மருத்துவத்தில் இதன் முதன்மையான பயன் தாய்ப்பால் சுரக்கவும் உடல் தேறவும்தான். மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு இதைக் கொடுத்துச் செய்த ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. இரண்டு மாதம் பாலில் கலந்து குடித்தேன். தீங்கொன்றும் இல்லை, கொஞ்சம் எடை கூடிற்று, பாலும் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம்.

அமுக்கரா சூரணத்தின் செய்முறையைப் படித்தபோது எனக்குள் இருந்த ஆசிரியை மகிழ்ந்துபோனாள். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இருமடங்கு. பெருக்குத் தொடருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. கூட்டிப் பார்த்தால் மருந்துப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து 127 பங்கு, சர்க்கரை மட்டும் 128 பங்கு. நீரிழிவு உள்ள பெண் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுக்க வேண்டும். அமுக்கரா மன உளைச்சலையும் தூக்கமின்மையையும் ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. இரவில் நான்கு முறை வியர்த்து விழிக்கும் ஒருத்திக்கு ஒரு மணிநேரத் தூக்கம் கூடுவதும் பெரிய செய்திதான். ஆனால் அஸ்வகந்தா என்ற பெயரில் மாத்திரைகளில் அடைக்கப்படும் செறிந்த சாறு, ஆச்சி பாலில் போட்டுத் தந்த சிட்டிகைப் பொடி அல்ல. அது தைராய்டு ஹார்மோனின் அளவை உயர்த்தக்கூடும், அரிதாக ஈரலைப் பாதித்திருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. தைராய்டு மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்கள் இந்த வயதில் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, எடை மாற்றம் ஆகிய எல்லாமே தைராய்டு கோளாறின் அடையாளங்களும்கூட என்பதால், மூலிகையைத் தேடுவதற்கு முன் ஒருமுறை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

அதிமதுரத்துக்கு வருகிறேன். உறவினர் ஒருவர் தமக்கு மிகவும் பலன் தந்ததாகச் சொல்லி, வெந்தயம், சதாவரி, அதிமதுரம் மூன்றையும் சமபங்கு பொடித்து, காலையும் மாலையும் ஒரு பெரிய கரண்டி வெந்நீரில் போட்டுக் குடிக்கும்படி எனக்கு அனுப்பிவைத்தார். இனிப்பாகவும் தொண்டைக்கு இதமாகவும் இருந்ததால், அதிமதுரத்தின் பங்கை நானாகவே கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். ஐந்தாவது வாரத்தில் கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ஏழாவது வாரம் படியேறும்போது தொடைகள் சோர்ந்து நடுங்கின, தலை கனத்தது. பிரஷர் 168/104. இரத்தத்தில் பொட்டாசியம் 3.1, இருக்க வேண்டியது 3.5-க்கு மேல். மருத்துவர் முதலில் மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்துவிட்டு, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். "இல்லை" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுப் பொடியை மருந்துக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வாசல்வரை வந்தபிறகு ஏதோ உறுத்தித் திரும்பிப் போய்ச் சொன்னேன்.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளைசிரைசின் என்ற பொருள். நம் உடலில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் தவறான பூட்டைத் திறந்துவிடாமல், அங்கேயுள்ள ஒரு நொதி அதைச் செயலற்றதாக மாற்றிக்கொண்டிருக்கிறது. கிளைசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. பூட்டு திறந்ததும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. அதனால் கால் வீங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, தசைகள் சோர்கின்றன. எனக்கு எழுதிக்கொடுத்திருந்த பிரஷர் மாத்திரையோ நீரைப் பிரியச் செய்யும் வகை. அதுவும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றுவது. இரண்டும் என் உடலில் ஒரே திசையில் இழுத்திருக்கின்றன. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய அறிவியல் குழுவின் பரிந்துரை. நான் குடித்த அளவில் அதைப் பல மடங்கு தாண்டியிருப்பேன். பொடியை நிறுத்தி மூன்று வாரங்களுக்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. அனல் மட்டும், பொடி குடித்த ஏழு வாரங்களிலும் சரி, நிறுத்திய பின்னும் சரி, நாளொன்றுக்கு எட்டு ஒன்பது என்றே இருந்தது. தொண்டைக் கமறலுக்கு ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு வேரை நாள்தோறும் கரண்டிக் கணக்கில் குடித்துக்கொண்டே அதை 'வெறும் மூலிகை' என்று நினைத்ததைத்தான் சொல்கிறேன்.

அசோகப்பட்டையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பெரும்பாடு எனப்படும் மிகுந்த இரத்தப்போக்குக்கு அதைக் கஷாயமாகவும் அரிஷ்டமாகவும் கொடுக்கும் மரபு நெடியது. ஆனால் கடையில் அசோகப்பட்டை என்று விற்பது பலமுறை நெட்டிலிங்கத்தின் பட்டை. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரோரம் ஊசிக்கோபுரம்போல் நிற்கிறதே, நாமெல்லாம் அசோகமரம் என்று தவறாகச் சொல்கிறோமே, அந்த மரம். உண்மையான அசோகம் காடுகளில் அருகிவருவதால் இந்தக் கலப்படம் தீர்ந்தபாடில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபிறகு சொட்டு இரத்தம் பட்டாலும், அதற்கு எந்தப் பட்டையையும் தேடிப் போகக்கூடாது. அப்படி இரத்தம் கண்டு மருத்துவரிடம் வரும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. மீதி 91 பேருக்கு இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதை ஸ்கேனும் திசுப் பரிசோதனையும்தான் சொல்லும். கஷாயம் இரத்தத்தை நிறுத்திவிட்டால் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் எச்சரிக்கை மட்டும்தான் நின்றிருக்கும். நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் கட்டி கட்டியாகவும் நாள்கணக்கிலும் போனாலும், 'இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்' என்று யார் சொன்னாலும் கேட்காமல், போய்க் காட்டிவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மாக்களுக்கு வாங்கியனுப்பும் பிளாக் கோஹோஷ் வட அமெரிக்கக் காடுகளின் செடி. அங்கும் நம்மைப் போலவே ஒரு கதை இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் என்ற ஊரில் லிடியா பிங்கம் என்ற பெண்மணி, அடுப்பில் காய்ச்சிய ஒரு மூலிகைக் கலவையை 1875-இல் புட்டியில் அடைத்துப் பெண்களின் எல்லாத் தொல்லைகளுக்குமென விற்கத் தொடங்கினார். அதில் பிளாக் கோஹோஷ் வேர் இருந்தது. நம்முடைய வெந்தயமும் இருந்தது. கெட்டுப்போகாமல் இருக்க என்று சொல்லி நூற்றுக்கு 18 பங்குக்குமேல் சாராயமும் இருந்தது. மதுவிலக்குச் சங்கத்துப் பெண்களும் அதை விரும்பிக் குடித்தார்களாம். பலன் எந்தப் பொருளால் வந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பிளாக் கோஹோஷை மட்டும் எடுத்து 16 ஆய்வுகளில் 2,027 பெண்களிடம் பார்த்ததைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு மதிப்பாய்வும், பலனுண்டு என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றே முடித்தது. அரிதாக ஈரல் பாதிப்பு நேர்ந்திருப்பதால் சில நாடுகளில் புட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். சிவப்பு குளோவர், ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் ஆகியவற்றின் நிலையும் இதைவிட மேலில்லை.

அப்படியானால், 'எனக்குக் கேட்டதே' என்று சொல்லும் இத்தனை பெண்களும் பொய் சொல்கிறார்களா? இல்லை. குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விழுங்கிய பெண்களுக்கும் அனலடிக்கும் எண்ணிக்கை சராசரியாக 58 விழுக்காடு குறைந்திருந்தது. எதையோ செய்கிறோம் என்ற நிம்மதியாலும் குறையும். மிகவும் தாங்கமுடியாத வாரத்தில்தான் நாம் மருந்தைத் தேடுகிறோம் என்பதால், அடுத்த வாரம் தானாகவும் குறையும். என் அம்மாவுக்கு வெந்தயம் கேட்டதும், உறவினருக்கு அந்தப் பொடி கேட்டதும் இப்படித்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு ஏளனம் இல்லை. பாதிக்குமேல் குறைவது என்பது யாருக்கும் வரவுதான், அதற்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்காதவரை.

என் அக்காவின் நிலை இன்னும் கடினமானது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு அவள் டாமாக்சிஃபென் எடுத்துக்கொள்கிறாள். அந்த மாத்திரையே அனலைக் கிளப்பக்கூடியது. ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பதற்காக ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டு, ஈஸ்ட்ரோஜனைப் போல் நடிக்கும் செடிகளின் செறிந்த சாற்றையும் கூடவே எடுத்துக்கொள்வதில் பொருளில்லை. உணவில் வரும் சோயாவுக்கும் எள்ளுக்கும் அவளுடைய மருத்துவர் தடை சொல்லவில்லை. மாத்திரைகளாக வருபவை எதுவானாலும் தன்னிடம் காட்டாமல் தொடக்கூடாது என்றார். மனச்சோர்வுக்கு மூலிகையாக விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் டாமாக்சிஃபெனின் வேலையையே கெடுக்கக்கூடியது என்பதையும் அவர்தான் சொன்னார்.

அனலுக்கு இதுவரை கண்டவற்றில் மிக வலுவான மருந்து ஹார்மோன் சிகிச்சைதான். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டாலும் அது முக்கால் பங்கைக் குறைக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று இடையில் நிறுத்தப்பட்டபோது மார்பகப் புற்றுநோய் குறித்து எழுந்த அச்சத்தால் உலகெங்கும் பெண்கள் அதைக் கைவிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு என்பதும் பிறகுதான் பேசப்பட்டன. மூலிகைகளின் மீது இவ்வளவு பெரிய சந்தை எழுந்ததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு, வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில் சில நரம்பு மருந்துகளும், மனச்சோர்வு மருந்துகளும், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றக் கற்றுத்தரும் அறிதல்நடத்தைப் பயிற்சியும், மருத்துவமுறை ஹிப்னாசிஸும், எடைக் குறைப்பும் இடம்பெற்றிருக்கின்றன. சோயா, பிளாக் கோஹோஷ் முதலிய மூலிகைப் பொருள்களை அது பரிந்துரைக்கவில்லை. யோகாவையும் உடற்பயிற்சியையும்கூட அனலுக்கான மருந்தாக அது ஏற்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் காலை நடைக்குப் பிறகு மனம் தெளிவாகிறது என்பது என் அனுபவம். எங்கள் குடும்பத்தில் புற்றுநோய் இருப்பதால் நானும் மருத்துவரும் பேசி, ஹார்மோன் இல்லாத, இரவில் மட்டும் எடுக்கும் ஒரு மாத்திரையை ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்பது என்பது நான்காகக் குறைந்தது, இரவுத் தூக்கம் திரும்பியது.

எலும்புக்கென்று இப்போது வீட்டில் பிரண்டைத் துவையல் அடிக்கடி உண்டு. இளந்தண்டாகப் பார்த்து, நார் உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் தொண்டையை அரித்தெடுத்துவிடும். முறிந்த எலும்பு கூடப் பிரண்டையைக் கட்டுவது சித்த மரபு. மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்புத் தேய்மானத்தைத் துவையல் தடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள கேழ்வரகுக் களிக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. வைட்டமின் டி குறைவாக இருந்ததற்கு மாத்திரை, வாரத்தில் ஐந்து நாள் நடை, இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி என்று போய்க்கொண்டிருக்கிறது. 52 வயதில் எடை தூக்குவதைப் பார்த்து மதினி இன்னும் சிரிக்கிறாள்.

அதிமதுர விவகாரத்துக்குப் பிறகு ஒரு 40 பக்க நோட்டில், நாளுக்கு எத்தனை அனல், இரவில் எத்தனை முறை விழிப்பு, என்னென்ன சாப்பிட்டேன், பொடி உட்பட, என்று எழுதத் தொடங்கினேன். எதையும் புதிதாகத் தொடங்குவதற்கு முன் நான்கு வாரம் சும்மா எண்ணினேன். அப்போதுதான் குறைந்ததா இல்லையா என்பது தெரியும். மருத்துவரிடம் போகும்போது அதையே கொண்டுபோகிறேன். கடந்த ஆவணியோடு எனக்கு 12 மாதம் முடிந்தது. அன்று இரவு முற்றத்தில் உட்கார்ந்து அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தபோது, 77 வயதான அம்மா பக்கத்தில் வந்து, "என்னத்த எழுதுதே?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தவள், "அப்பம் எனக்கு உன் தம்பி காலேஜ் சேந்த வருசம். ஆடியில" என்றாள். அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.